காலம் காட்டும் திசை

தென்காசியிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், புளியங்குடிக்கும் சிவகிரிக்கும் இடையே அமைந்த பழம்பதி வாசுதேவநல்லூர். மேற்கே வானளாவிய மலைத்தொடர் மதில்போல் நிற்கும்; கிழக்கே வயலும் தோப்பும் பரந்து கிடக்கும். பூலித்தேவரின் கோட்டை ஒன்று முன்னாளில் இவ்வூரில் விளங்கியது. ஐப்பசி பிறந்தால் மலைமுடியில் கார்முகில் கவியும். இரவெல்லாம் மழை பெய்து, விடியலில் ஓயும்.

அவ்வாறு மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதை நினைத்துப் பார்க்க. ஊர்ப்புறத்து மண்சாலையில் சைக்கிள் தடம் ஒன்று நீண்டு கிடக்கிறது. எவனோ ஒருவன் எலுமிச்சைக் கூடையுடன் அவ்வழியே சென்றிருக்கிறான். அவன் புளியங்குடிச் சந்தைக்குப் போனவனா, விற்றுவிட்டு மீண்டவனா? தடத்தை எத்துணை நேரம் உற்று நோக்கினும் விடை கிடைப்பதில்லை. தடம் பொய் சொல்லவில்லை. ஆயினும் பாதி உண்மையையே சொல்லுகிறது. 'விகடகவி' என்னும் சொல் முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாகவே இருத்தல்போல, அத்தடமும் இருபுறமும் ஒன்றாகவே தோன்றும். புலவர் இதனை மாலைமாற்று என்பர்.

சாலையின் ஒரு முனையில் ஒரு தேநீர்க் கடையும், மறுமுனையில் மற்றொரு தேநீர்க் கடையும் உள்ளன என்று கொள்க. சைக்கிள் சென்றதை இரு கடைக்காரரும் கண்டனர். தெற்குக் கடைக்காரர், "ஆறு மணிக்குக் கண்டேன்" என்கிறார். வடக்குக் கடைக்காரர், "ஆறே காலுக்குக் கண்டேன்" என்கிறார். ஐயம் அகன்றது, சென்றவன் தெற்கிலிருந்து வடக்கே சென்றான். தடம் மறைத்த பாதி உண்மையைக் காலம் எடுத்துக் காட்டிவிட்டது.

இதற்கு மூன்று வேண்டும். இரு கடையிலும் கடிகாரம் வேண்டும். அக்கடிகாரங்கள் போதிய நுட்பம் உடையனவாக இருத்தல் வேண்டும். ஐந்து நிமிடத்தில் கடக்கும் வழியை, மணியை மட்டும் காட்டும் கடிகாரத்தால் அறிய இயலாது. மூன்றாவதாக, இரு கடிகாரங்களும் தம்முள் ஒத்திருத்தல் வேண்டும். வடக்குக் கடிகாரம் அரைமணி பிந்தி ஓடுமாயின், போனவன் வந்தவன் ஆகிவிடுவான்!

கேட்பதற்கு எளிய இவ்வுண்மையே, இன்று உலக அறிவியலறிஞர் பலர் ஈடுபட்டுள்ள பேராய்வு ஒன்றுக்கு அடிப்படையாக நிற்கிறது. அஃது நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பற்றிய ஆய்வாகும்.

நியூட்ரினோ மின்னேற்றம் அற்றது. எடை மிகமிகச் சிறியது. கதிரவனிலிருந்து புறப்பட்டு வரும் நியூட்ரினோக்கள், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி என்ற அளவில் பாய்ந்து செல்கின்றன. வாசுதேவநல்லூரின் வயலையும், உழவர் உடலையும், மேற்கு மலையின் கல்லையும் அவை ஒருங்கே ஊடுருவிச் செல்லும். பூமியின் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளிவருதல் அவற்றுக்கு இயல்பு. எதனோடும் கலவாமல் செல்லும் இவ்விருந்தினரைக் காண்பது எங்ஙனம்? கோடானுகோடியில் ஒன்று எப்போதாவது ஓர் அணுக்கருவில் மோதும். அம்மோதலில் மின்னேற்றமுடைய வேறு துகள்கள் பிறக்கும். அத்துகள்கள் இட்டுச்செல்லும் சுவட்டைக் கொண்டே நியூட்ரினோ வந்தது என உய்த்துணர வேண்டும். காற்றை எவரும் கண்டதில்லை. கிளை அசைவதைக் கண்டு காற்றை அறிகின்றோம் அன்றோ? அதனைப் போன்றது இது.

இத்தகைய துகள் ஒன்று இருத்தல் வேண்டும் என 1930ஆம் ஆண்டில் கணக்கால் உணர்ந்து உரைத்தவர் பௌலி என்னும் பேரறிஞர். அதனைக் கருவியால் கண்டு நிறுவ இருபத்தாறு ஆண்டுகள் சென்றன. 1956ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களாகிய ரைன்ஸ், கோவன் என்னும் இருவரும், அணு உலை ஒன்றின் அருகே கருவி அமைத்து நியூட்ரினோவின் வரவை மெய்ப்பித்தனர். அவர்கள் கையாண்ட உபாயம் காலத்தைத் துணைக்கொண்டதேயாம்.

கருவியில் ஒளி மின்னுவதற்குக் காரணங்கள் பல. அண்டவெளியிலிருந்து வரும் கதிர் பட்டாலும் மின்னும். சுற்றியுள்ள கல்லில் இயற்கையாய் உள்ள கதிரியக்கம் பட்டாலும் மின்னும். ஆதலின் ஒரு மின்னலை மட்டும் கண்டு நியூட்ரினோ வந்தது எனத் துணிதல் இயலாது. அணு உலையின் நியூட்ரினோ மோதும்போது பாசிட்ரான், நியூட்ரான் என்னும் இரு துகள்கள் பிறக்கும். பாசிட்ரான் உடனே மறைந்து முதல் மின்னலை எழுப்பும். நியூட்ரானோ, நீரில் சிறிது அலைந்து திரிந்து, அங்கே கலந்துள்ள காட்மியம் அணுவினால் பற்றப்பட்டு, நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்கு கழித்து இரண்டாம் மின்னலை எழுப்பும். முதலில் ஒரு மின்னல். குறித்த இடைவெளியில் மற்றொரு மின்னல். இவ்விணையே நியூட்ரினோவின் முத்திரை. மின்னல் தெரிந்து சற்றுப் பொறுத்து இடி கேட்பின், இரண்டும் ஒரே முகிலினின்று வந்தன என்று சிறுவரும் அறிவர். அவ்வறிவே இங்கு நுண்ணிய உருவில் பயன்பட்டது. 2025ஆம் ஆண்டில் சீன நாட்டில் ஆய்வைத் தொடங்கிய ஜூனோ என்னும் பெருங்கருவியும், 20,000 டன் ஒளிரும் நீர்மத்தை நிரப்பிக்கொண்டு, இதே இணை மின்னலையே எதிர்நோக்கி நிற்கிறது.

இவ்வாய்வில் இந்திய நாட்டுக்குப் பழம்பெருமை ஒன்று உண்டு. தமிழ்த் தொழிலாளர் பலர் தலைமுறை தலைமுறையாய் உழைத்த கோலார் தங்கவயலில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன அறிஞர்களும் சப்பான், இங்கிலாந்து நாட்டு அறிஞர்களும் கூடிக் கருவி அமைத்தனர். துகள் பட்டால் மின்னும் பிளாஸ்டிக் பலகைகளை இருபுறமும் சுவராக நிறுத்தினர். இடையே நியான் குழாய்களை அடுக்கினர். இரு சுவரும் ஒருங்கே மின்னினால், ஒரே துகள் இரண்டையும் கடந்தது என்பது பெறப்படும். அது சென்ற வழியை நியான் குழாய்கள் ஒளிர்ந்து காட்டும். அத்துணை ஆழத்துக்கு மேலிருந்து வரும் மியூவான்கள் மிகச் சிலவே. அவையும் பெரும்பாலும் செங்குத்தாகவே வரும். பக்கவாட்டில் வரும் மியூவான் பாறைக்குள் நியூட்ரினோவால் பிறந்ததாகவே இருத்தல் வேண்டும். காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் சுவட்டை இவ்வாறு கண்டு 1965ஆம் ஆண்டில் அவர்கள் உலகுக்கு அறிவித்தனர். தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் ஆய்ந்த ரைன்ஸ் குழுவினரும் அவ்வாண்டிலேயே இதனைக் கண்டனர். கோலார்ச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அங்குக் கண்ட உண்மை மூடப்படவில்லை.

இனி, மேல் எது, கீழ் எது என்னும் வினா எழுகின்றது. அண்டக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதுவதால் மியூவான்கள் பிறந்து மழைபோல் பொழிகின்றன. விரித்த உள்ளங்கை வழியே நொடிக்கு ஏறத்தாழ ஒன்று கடந்து செல்லும். இவை அனைத்தும் மேலிருந்து கீழே வருவன. பூமியின் மறுபுறத்திலிருந்து மண்ணைத் துளைத்து மேல்நோக்கி வரும் ஆற்றல் நியூட்ரினோவுக்கே உண்டு. ஆதலின் கீழிருந்து மேலே சென்ற சுவடு ஒன்றைக் கண்டால், அது நியூட்ரினோவின் வரவுக்குச் சான்றாகும். ஆனால், செங்குத்தான கோடு ஒன்று மேலேறியதா, கீழிறங்கியதா என்பதைக் கோட்டின் உருவம் காட்டாது. மழைநாட் சைக்கிள் தடத்தின் புதிரே மீண்டும் இங்கு வந்து நிற்கிறது.

இப்புதிரை விடுவிக்கத் தேநீர்க் கடையின் கடிகாரம் போதாது. மியூவான் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் செல்வது. நொடியை 100 கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு நானோ நொடி எனப்படும். அந்த ஒரு நானோ நொடியில் ஒளி 30 சென்டிமீட்டர் செல்லும். ஏறத்தாழ ஒரு முழங்கைக்கும் குறைவான தொலைவு. தொல்காப்பியர் எழுத்தின் ஒலியளவைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடிப்பாலும் அளந்து மாத்திரை எனப் பெயரிட்டார். 'மலை' என்பதன் முதலெழுத்து ஒரு மாத்திரை மிகுந்தால் 'மாலை' ஆகிப் பொருளே மாறிவிடும். சிறு காலம் பெரும் பொருளை மாற்றும் என்பது தமிழ் மாணவருக்குப் புதிய செய்தி அன்று. இங்குக் காலத்தின் அளவு மட்டுமே மிகச் சிறியதாயிற்று.

சப்பான் நாட்டுக் காமியோகா மலைக்கு அடியில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், 50,000 டன் நீர் கொண்ட பெருந்தொட்டி ஒன்று 1996 முதல் இயங்கி வருகிறது. அதன் பெயர் சூப்பர் காமியோகாண்டே. தொட்டியின் உட்சுவரெங்கும் 11,000க்கு மேற்பட்ட ஒளியுணர் குமிழ்கள் பதிக்கப்பட்டுள்ளன. நீரில் துகள் விரையும்போது மங்கிய நீலஒளி கூம்புவடிவில் எழும். ஒவ்வொரு குமிழும் எவ்வளவு ஒளி பட்டது என்பதோடு, எப்போது பட்டது என்பதையும் சில நானோ நொடி நுட்பத்துடன் எழுதி வைக்கும். முன் பட்ட குமிழ் எது, பின் பட்ட குமிழ் எது என ஒப்பிட்டு, துகள் பிறந்த இடத்தையும் சென்ற திசையையும் கணக்கிடுவர்.

இக்கணக்கு ஒரு பேருண்மையை வெளிப்படுத்தியது. மியூவான் வகை நியூட்ரினோக்கள் மேலிருந்து வந்த அளவுக்குக் கீழிருந்து வரவில்லை. ஏறத்தாழப் பாதியே வந்தன. பூமியைக் கடந்த நெடுவழியில் எஞ்சியவை தம் வகையை மாற்றிக்கொண்டன என்பது தெளிவாயிற்று. வகை மாற வேண்டுமாயின் எடை இருத்தல் வேண்டும். எடையே இல்லாதது என நெடுங்காலம் கருதப்பட்ட நியூட்ரினோவுக்கு எடை உண்டு என 1998ஆம் ஆண்டில் இவ்வாறு நிறுவப்பட்டது. இதற்காகக் காசித்தா என்னும் சப்பானிய அறிஞரும், கனடா நாட்டில் கதிரவனின் நியூட்ரினோவை ஆய்ந்த மெக்டொனால்டு என்னும் அறிஞரும் 2015ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். மேலும் கீழும் வேறுபடுத்தி அறியும் வழி இல்லாதிருந்தால், அப்பாதிக் குறைவு எவர் கண்ணிலும் பட்டிராது.

வாசுதேவநல்லூரிலிருந்து வடக்கே செல்லும் சாலை, சிவகிரி, இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வழியே மதுரையை அடைகிறது. அம்மதுரையில் இவ்வாய்வைச் சேர்ந்த கருவி ஒன்று உள்ளது. இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தினர் 50,000 டன் இரும்பினால் ஒரு மாபெருங் கருவி அமைக்க எண்ணினர். 150க்கு மேற்பட்ட இரும்பு அடுக்குகள்; அடுக்குகளின் இடையே ஏறத்தாழ 29,000 கண்ணாடி அறைகள்; இரும்பு முழுவதும் காந்தமாக்கப்பட வேண்டும் என்பது அவர்தம் திட்டம். அதன் சிறு மாதிரியாக 85 டன் இரும்பில், 11 அடுக்குகளோடு மதுரையில் ஒரு கருவியைக் கட்டினர். அது 2018 முதல் இயங்கியது.

கண்ணாடி அறையின் அமைப்பு எளிது. இரண்டு கண்ணாடித் தகடுகள் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படும். இடையே வளி நிரப்பி, ஏறத்தாழ 10,000 வோல்ட் மின்னழுத்தம் தரப்படும். மின்னேற்றமுடைய துகள் ஊடே சென்றால், சென்ற இடத்தில் சிறு மின்பொறி எழும். மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாக அமைந்த தாமிரப் பட்டைகள் அதனை உணர்ந்து, இடம் இன்னது எனக் காட்டும். அதனுடன், பொறி எழுந்த காலத்தையும் ஏறத்தாழ ஒரு நானோ நொடி நுட்பத்துடன் கூறும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தொலைவே உண்டு. அதனைக் கடக்கத் துகளுக்கு நானோ நொடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஒரு நானோ நொடி வரை பிழைபடக்கூடிய கடிகாரத்தால் அதை எவ்வாறு அறிவது? இரண்டு அடுக்குகளை மட்டும் கேட்டால் அறிய இயலாதுதான். பத்து அடுக்குகளைக் கடக்க மூன்று நானோ நொடி ஆகும். பத்து அடுக்கின் காலக்குறிப்புகளையும் சேர்த்து நோக்கினால், முன்பின் வரிசை தெளிவாகப் புலப்படும். ஊர் வழக்கில் ஒருவர் சான்று தடுமாறினும், பத்துப் பேர் சான்று ஒருமுகமாக நிற்குமாயின் நடுவர் ஐயுறுவதில்லை. அம்முறையே இது.

இரும்பைக் காந்தமாக்குவது எதற்கு? காந்தப் புலத்தில் எதிர்மின் மியூவான் ஒருபுறம் வளையும். நேர்மின் மியூவான் மறுபுறம் வளையும். முன்னது நியூட்ரினோவிலிருந்தும், பின்னது அதன் எதிர்த்துகளிலிருந்தும் பிறப்பன. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால், மூவகை நியூட்ரினோ எடைகளின் ஏறுவரிசையை அறிய வழி பிறக்கும். ஆயின் சாலையின் வளைவு, போகிறவனுக்கு இடப்புறம் திரும்பினால் வருகிறவனுக்கு வலப்புறம் திரும்பும் அன்றோ? துகள் சென்ற திசையைப் பிழையாகக் கொண்டால், அதன் மின்னேற்றமும் பிழையாகிவிடும். துகள் எதிர்த்துகளாகவும், எதிர்த்துகள் துகளாகவும் எண்ணப்படும். ஒரு சில நானோ நொடியில் நேரும் தடுமாற்றம் முடிவையே தலைகீழாக்கும் என்பதை இதனால் அறியலாம்.

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தை அடுத்த மலைக்கு அடியில் சுரங்கம் குடைந்து பெருங்கருவியை நிறுவ வேண்டும் என்று 2015ஆம் ஆண்டளவில் ஒப்புதல் கிடைத்தது. வாசுதேவநல்லூருக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடரின் வடபகுதியே அது. மலைக்கும் நீருக்கும் காட்டுயிர்க்கும் கேடு நேருமோ என மக்கள் அஞ்சினர், வழக்குகள் எழுந்தன, தமிழ்நாட்டு அரசும் 2022ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. சுரங்கம் அமையவில்லை. ஆற்றுக்கும் காட்டுக்கும் தாயாகிய மலையைக் காக்க வேண்டும் என்னும் கவலையும் மெய். இயற்கையின் மறைபொருளை அறிய வேண்டும் என்னும் வேட்கையும் மெய். இரண்டையும் பொறுமையோடு கேட்டு வழிகாண்பது வருந்தலைமுறையின் கடன்.

கடிகாரங்கள் தம்முள் ஒத்திருத்தல் வேண்டும் என்னும் மூன்றாவது தேவைக்கு இரண்டு நிகழ்ச்சிகள் சான்றாகும். 1987ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள், இந்திய நேரப்படி பிற்பகல் ஒரு மணி ஐந்து நிமிடமளவில், 1,60,000 ஒளியாண்டுக்கு அப்பால் வெடித்த விண்மீன் ஒன்றின் நியூட்ரினோக்கள் பூமியை வந்தடைந்தன. வாசுதேவநல்லூர் மக்கள் நண்பகல் உணவு கொள்ளும் வேளையில், ஒவ்வொருவர் உடலிலும் அவை எண்ணிறந்தனவாய்ப் பாய்ந்து மறைந்தன. சப்பான் நாட்டுக் கருவி 13 நொடிக்குள் 11 சுவடுகளையும், அமெரிக்கக் கருவி 8 சுவடுகளையும், சோவியத்து நாட்டுக் கருவி 5 சுவடுகளையும் கண்டன. சப்பானியக் கருவியின் கடிகாரம் ஒரு நிமிடம் முன்பின்னாக இருக்கக்கூடியது. அமெரிக்கக் கடிகாரமோ மிக நுட்பமானது. அதனால்தான் மூன்றும் ஒரே விண்மீனின் தூதுகளே என்று அறிஞர் தெளிந்தபோதும், நியூட்ரினோ வந்த கணத்தைத் துல்லியமாகக் கூற அமெரிக்கக் கடிகாரத்தையே நாடினர்.

மற்றொன்று 2011ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. சுவிட்சர்லாந்து எல்லையிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலிய மலைக்கு அடியிலுள்ள ஓபரா என்னும் கருவிக்கு நியூட்ரினோக்கள் 730 கிலோமீட்டர் மண்ணினூடே அனுப்பப்பட்டன. ஒளி வந்து சேரவேண்டிய காலத்துக்கு ஏறத்தாழ 60 நானோ நொடி முன்னரே அவை வந்ததாகக் கணக்கு காட்டியது. ஒளியை முந்துவது எதுவும் இல்லை என்னும் கொள்கை வீழ்ந்ததோ என உலகம் வியந்தது. ஆய்ந்தவர் வெற்றி முழக்கம் செய்யவில்லை. "எங்கள் கணக்கில் பிழை தெரியவில்லை, நீங்களும் தேடிப் பாருங்கள்" என்னும் பொருள்பட உலக அறிஞரை வேண்டினர். மாதங்கள் பல தேடியபின், காலக்குறிப்பைக் கொணரும் ஒளியிழை ஒன்றின் முனை சரியாகப் பொருந்தாமல் இருந்தமை தெரிந்தது. 2012ஆம் ஆண்டில் அவ்விடத்துக் கருவிகள் மீண்டும் அளந்தபோது, நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை என்பது உறுதியாயிற்று. தளர்ந்த ஓர் இணைப்பு ஐன்ஸ்டீனின் கொள்கையையே ஆட்டிப் பார்த்தது! கருவி நுட்பமாக இருப்பது மட்டும் போதாது. அதனை ஐயுற்று ஆராயும் நேர்மையும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி நன்கு விளக்குகிறது.

பெயர்ச்சொல் காலம் காட்டாது. வினைச்சொல் காலம் காட்டும் என்பது இலக்கணம். காலக்குறிப்பு இல்லாத சுவடு ஒரு பெயரைப் போன்றது. ஒன்று இருந்தது என்ற அளவில் நின்றுவிடும். காலம் சேர்ந்த சுவடோ வினையாகி, எங்கிருந்து வந்தது, எங்குச் சென்றது, எதை விளைத்தது என்று பேசத் தொடங்கும். துகளுக்கு மட்டும் உரிய நெறி அன்று இது. இருவர் பூசலில் முதற்சொல் யாருடையது, மறுசொல் யாருடையது என்று அறியாமல் தீர்ப்புரைப்பவர், தடத்தை மட்டும் கண்டு திசை கூறுபவரே ஆவர். முன் நிகழ்ந்தது எது, பின் நிகழ்ந்தது எது என்று பொறுமையாய் வினவி, தம் கடிகாரத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்பவரே உண்மையை அணுகுவர்.